தூண்டில் வளைவா, செயற்கைப் பாறையா?

மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டில், ஐஸ் வழியும் பெட்டியை இறக்கிக்கொண்டே கீழக்கரைப் பக்கத்து அண்ணன் சொன்னார்: "கடல் வாசலுக்கே வந்துருச்சு தம்பி, கல்லைக் கொட்டினாத்தான் ஆச்சு."

கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு உடனே காக்கும், சரி. ஆனால் கரையோரம் நகரும் மணலை மறித்துவிடும்; அடுத்த ஊர்க் கரை அரிக்கும். அப்புறம் அங்கேயும் கல்.

பவளப்பாறை போலக் கடலடியிலேயே அலையைத் தணிக்கும் செயற்கைப் பாறை மெதுவான வேலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். தூத்துக்குடி அருகே 1986இல் 16 ஹெக்டேராக இருந்த வான்தீவு, 2014இல் வெறும் 2 ஹெக்டேர். 2015 முதல் அதன் முன்னே கடலடியில் கான்கிரீட் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது, மீனும் அண்டியது.

அண்ணன் வீட்டு வாசலுக்குக் கல்தான், மறுக்க மாட்டேன். மற்ற கரைக்கெல்லாம் என் ஓட்டு பாறைக்கே.