இரண்டாம் மொழி கற்க எது உதவும்: செயலியா, அட்டையா, சாட்பாட்டா, ஆளா?

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடம், அதிலும் ஆங்கிலம் வழியாக வருபவர்களிடம், இப்படி ஒரு வாக்கியத்தை எதிர்பார்க்கலாம்: "நான் ஒரு அண்ணன் வைத்திருக்கிறேன்." தங்கள் மொழியில் இருக்கும் உடைமை வினையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்" என்ற அமைப்பு இன்னும் படியவில்லை. கற்றல் கருவிகளை ஒப்பிட எனக்கு இந்த ஒரு தவறே போதும். எந்தக் கருவி இதை வெளியே வரவிடுகிறது? வந்த பிறகு என்ன செய்கிறது?

டுவோலிங்கோ போன்ற மொழி கற்றல் செயலிகளின் பெரும்பாலான பயிற்சிகளில் இந்த மாதிரித் தவறு தலைகாட்டவே வழியில்லை. சொற்கள் கட்டம் கட்டமாகத் திரையில் கிடக்கும். சரியான சொல் கண்ணெதிரே இருக்க, விரல் போய்த் தொடும். பார்த்த சொல்லை அடையாளம் காண்பது ஒரு திறன். எதுவுமே எதிரில் இல்லாதபோது அதே சொல்லை மனத்திலிருந்து எடுப்பது வேறு திறன். செயலி முதலாவதைத்தான் நன்றாக வளர்க்கிறது. புது எழுத்துகள் பழகவும், முதல் சில நூறு சொற்களைச் சேர்க்கவும் அது நல்ல துணை. நாள் தவறாமல் வந்தால் ஏறும் 'ஸ்ட்ரீக்' எண்ணிக்கையும் பழக்கத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையைக் காப்பாற்ற, ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே நள்ளிரவுக்கு முன் ஒருமுறை தட்டி முடிக்கும் நிலை வந்துவிட்டால், அடுத்த கருவிக்கு நகரும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்த அடுத்த கருவி, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள அட்டை, மறதியிலிருந்து பிறந்தது. மனப்பாடம் செய்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதினார். மறக்கப்போகும் தறுவாயில் மீண்டும் கேட்டால் நினைவு நீடிக்கும். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் இதை அட்டைப்பெட்டி முறையாக்கினார். 2006-இல் வந்த ஆன்கி, அதைக் கணினிக்குக் கொண்டுவந்த மென்பொருள்களில் ஒன்று. பெயருக்கு ஜப்பானிய மொழியில் 'மனப்பாடம்' என்றே பொருள். இங்கே அட்டையின் முன்பக்கத்தில் விடை இல்லை, நீங்கள்தான் எடுத்தாக வேண்டும். 'அண்ணன்' என்று தனிச்சொல்லாக அட்டை போட்டால் நம் தவறு அப்படியே இருக்கும். "எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்" என்று முழு வாக்கியமாகப் போட்டால் வேற்றுமை உருபும் சேர்ந்தே படியும். நாளுக்கு 20 புது அட்டைகள் என்று ஆரம்பித்தால், சில வாரங்களில் திரும்பப் பார்க்க வேண்டியவை அதைப்போலப் பல மடங்காகக் குவியும். ஐந்து, பத்து என்று தொடங்குங்கள்.

சரி, சாட்பாட். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பலர் கேட்கும் கேள்வி, இனி ஆசிரியர் எதற்கு என்பதுதான். கூச்சப்படுபவருக்கு அது பெரிய வரம்: எத்தனை முறை தடுமாறினாலும் பொறுமையாகக் காத்திருக்கும். ஆனால் நம் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். "அப்படியா! உங்கள் அண்ணன் என்ன செய்கிறார்?" என்று பேச்சைத் தொடரவே வாய்ப்பு அதிகம். மிஞ்சிப்போனால் "ஓ, உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்கிறாரா?" என்று சரியான வடிவத்தைத் தன் பேச்சுக்குள் நுழைத்துவிட்டு நகரும். மொழி கற்றல் ஆய்வாளர்கள் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில் ஆசிரியர்கள் திருத்தியதில் பாதிக்கு மேல் இந்த வகைதான்; மாணவர்கள் குறைவாகக் கண்டுகொண்டதும் இதைத்தான். அதனால் முதலிலேயே கட்டளை கொடுத்துவிடுங்கள்: "நான் தவறு செய்தால் நிறுத்து, விடையைச் சொல்லாதே, என்னையே திருத்தச் சொல்."

உச்சரிப்பில் இன்னொரு சிக்கல். 'பலம் சாப்பிட்டேன்' என்று நீங்கள் சொன்னாலும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் சூழலை வைத்து ஊகித்து 'பழம்' என்றே எழுதிவிடக்கூடும். உங்கள் ழகரம் வந்ததா என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். அப்புறம், எழுத்திலிருந்தே பெரிதும் கற்ற இந்த சாட்பாட்கள் தமிழில் எழுத்து வழக்கான 'போகிறேன்' பக்கம்தான் சாய்கின்றன. பேச்சு வழக்கின் 'போறேன்' வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

வீடியோ காலில் எதிரே ஒரு ஆள் இருந்தால்? "என்ன, அண்ணனை வைத்திருக்கிறீர்களா?" என்று புருவம் உயரும். அந்த ஒரு நொடியில் தவறு தவறாகத் தெரிந்துவிடும். எதிரில் இருப்பவருக்குப் புரியவைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியை மேலே சொன்ன மூன்றும் தருவதில்லை. கனடாவில் ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தும் பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் படித்த மாணவர்கள் கேட்டுப் புரிந்துகொள்வதில் தேர்ந்திருந்தும் பேச்சில் பின்தங்குவதைக் கண்ட மொழி கற்றல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன், புரிந்துகொண்டால் மட்டும் போதாது, பேசவைக்கவும் வேண்டும் என்று 1985-இல் வாதிட்டார். என் தேர்வும் இதுதான்: நேரமும் பணமும் குறைவு என்றால் செயலியை விடுங்கள், தினமும் கொஞ்சம் அட்டை, வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதர்.

கற்பிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 30 பேர் உள்ள 50 நிமிட வகுப்பில், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒருவர் முறைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. சொற்பட்டியலை வீட்டு அட்டைகளுக்கு அனுப்பிவிட்டு, வகுப்பில் இருவர் இருவராகப் பேசவிடலாம். சாட்பாட்டோடு நடத்திய உரையாடலை அச்செடுத்து வரச் சொல்வதும் நல்ல பயிற்சி. அது சத்தமில்லாமல் திருத்திய இடங்களை மாணவர்களே தேடி அடிக்கோடிடட்டும். தான் 'நான்' என்றதை அது 'உங்களுக்கு' என்று மாற்றியிருப்பதை அண்ணன்காரர் அப்போதுதான் முதல்முறை பார்ப்பார்.