யூ-லாக் வாங்கும்போது இரும்பைப் பார்க்காதீர்கள், சாவித் துவாரத்தைப் பாருங்கள்

புதிதாக கியர் சைக்கிள் வாங்கியிருக்கும் ஆபீஸ் நண்பர், என்னிடம் இருந்த அதே மாடல் யூ-லாக்கை, அதாவது 'U' வடிவ இரும்புப் பூட்டை, வாங்கலாமா என்று கேட்டார். அந்தப் பூட்டின் மேல் எனக்கு இருக்கும் கோபம் போனில் சொல்லித் தீராது. அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு வெளியே பகல் முழுக்க சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறவன் நான். அங்கே கேபிள் பூட்டுகள் வெட்டுப்பட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பிதான், கையடக்கக் கட்டரே போதும். என் சைக்கிளை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. பின்சக்கரம், சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய், கம்பி வேலி மூன்றையும் சேர்த்துப் பூட்டுவேன். முன்சக்கரத்தில் இருந்த குவிக் ரிலீஸை (கையாலேயே சக்கரத்தைக் கழற்றிவிடும் நெம்புகோல்) எடுத்துவிட்டு, ஆலன் கீ என்ற அறுகோணச் சாவி போட்டுத் திருகும் அச்சுக்கம்பியை மாற்றிக்கொண்டேன். செலவு சொற்பம்.

ஆனால் அந்தச் சாவித் துவாரம்! அதை மூட ஒரு சின்ன ரப்பர் துண்டு கொடுத்திருந்தார்கள். முதல் கோடையிலேயே அது கிழிந்து விழுந்துவிட்டது. அப்புறம் கடல் காற்றின் உப்பு, ஓஎம்ஆர் சாலையில் நடந்த மெட்ரோ வேலையின் தூசி, ஐப்பசி மழை எல்லாம் நேராக உள்ளே போயின. உள்ளே சாவியின் பற்கள் தள்ளும் குட்டிக் கம்பிகள் உண்டு, 'பின்' (pin) என்பார்கள்; ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும். அது துருப்பிடித்தால் அந்த 'பின்' தன் இடத்துக்குத் திரும்பாது, சாவி சுற்றாது. தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். அன்றைக்குச் சரியாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு பசையாகிவிடும். கிராஃபைட் பொடி எவ்வளவோ பரவாயில்லை, ஆனால் மழைக்காலத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு, கொட்டும் மழையில் பூட்டோடு மல்லுக்கட்டுவது என்ன தண்டனை!

போன கார்த்திகையில் சாவி உள்ளேயே முறிந்தது. சாவி செய்பவர் வந்து முறிந்த துண்டை எடுத்தார், சாவி நுழைந்து சுற்றும் சிலிண்டர் மட்டும் அசையவில்லை. கடைசியில் கிரில் பட்டறையிலிருந்து இரும்பை அறுக்கும் கிரைண்டர் வந்தது. வளைவு இரண்டு முனையிலும் பூட்டிக்கொள்ளும் வகை என்பதால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது. அதற்கே சில நிமிடங்கள்தான். தீப்பொறி பறக்க இரும்பு அறுபடுகிறது, சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், "இது யார் சைக்கிள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பில்லும், பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் பிரேம் நம்பரின் போட்டோவும் கையில் வைத்திருந்தேன். காட்டும் தேவையே வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கிரைண்டருக்கு முன்னால் சாதாரண யூ-லாக் எதுவும் நிற்காது. பெரிய போல்ட் கட்டரின் வாய்க்கு அடங்காத தடிமன், அதாவது 16 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் தடிமனுக்காகக் காசு கொடுப்பதைவிட சிலிண்டரைப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க் வகை சிலிண்டர் என்று ஒன்று உண்டு, 1907-ல் பின்லாந்தில் கண்டுபிடித்தது. சாவி திரும்பும்போது உள்ளே தகடுகள் சுழலும், 'பின்', ஸ்பிரிங் என்ற கதையே கிடையாது. அழுக்கையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். துவாரத்துக்கு மேல் நகர்த்தி மூடும் தகடும் இருக்க வேண்டும், ரப்பர் வேண்டாம். பழைய ஸ்டாக்கில் குழாய் மாதிரி உருண்டைச் சாவி போட்டது கிடைத்தால் தொடாதீர்கள். 2004-ல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற நிறுவனத்தின் பூட்டுகளில் அந்த வகையைப் பால்பாயிண்ட் பேனாவின் குழாயை வைத்தே திறந்து காட்டினார்கள், நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சைக்கிள் இன்னும் என்னிடம் இருப்பது அந்தப் பூட்டால்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் நண்பருக்கு என் பதில் இதுதான்: வாங்காதீர்கள். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.