25 மில்லிமீற்றர் ஸ்டெபிலைசர் பார் என்று சொல்லி எனக்குப் பூட்டிய தண்ணீர்க் குழாய்

வன்னியில் ஜீப்பையோ கப் (பிக்கப்) வண்டியையோ இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி ஓடுகிறவர்கள், பின் ஸ்டெபிலைசர் பாரை, அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பியை, மாற்றுகிற யோசனையில் இருந்தால் காசு கொடுக்கமுன் இதை ஒருக்கால் வாசியுங்கள். நான் மொத்தம் 82,000 ரூபா கொடுத்து, வண்டியில் இருந்த நல்ல கம்பியைக் கழற்றி, அதைவிட மோசமான ஒன்றைப் பூட்டி, கடைசியில் காட்டுப் பாதையில் பின் பிரேக்கையும் பறிகொடுத்தேன். கராஜின் பெயரை எழுதப் போவதில்லை. ஏ9 றோட்டில் இருக்கிறது. அந்த றோட்டில் கராஜுக்கா பஞ்சம்?

என்னுடையது 1996 ஹைலக்ஸ் சர்ஃப், 185 மொடல் பொடி, மூன்று லீற்றர் டீசல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்களைப் போன்றவர்கள் பழசைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். நான் இரண்டு அங்குல லிஃப்டுக்கு நான்கு கொயில் ஸ்பிரிங்கும் சொக்கும் போட்டு, 265/75 ரயரும் மாட்டியிருந்தேன். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டெபிலைசர் லிங்க்குகளை யாரும் தொடவில்லை. பழைய நீளத்திலேயே விட்டுவிட்டார்கள். எனக்கும் அப்போது அது தெரியாது.

கொஞ்சம் விளக்கினால்தான் மிச்சக் கதை புரியும். இந்த வண்டியில் கம்பி பின் அக்சிலோடு இரண்டு புஷ்ஷில் (றப்பர் வளையம்) பிடித்திருக்கும். அதன் இரு கைகளின் நுனியிலிருந்தும் லிங்க்குகள் (இணைப்புக் கம்பிகள்) மேலே சசிக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது கம்பி முறுகி அதைத் தடுக்கும். வண்டியை 50 மில்லி உயர்த்தினால் சசி மேலே போகிறது, அக்சில் கீழேயே நிற்கிறது. நீளம் போதாத லிங்க் கம்பியின் கைகளை மேலே இழுத்துவிடும். பிறகு ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் லிங்க் இழுபட்டு நிற்கும், புஷ் கிழியும், ‘டக் டக்’ என்று சத்தம் வரும். எனக்கு வந்த சத்தம் அதுதான். அதற்கு மேலே, ஒட்டுசுட்டானுக்குப் பின்னால் ஒரு காட்டுப் பாதையில் வெட்டி விட்டிருந்த பாலைக் கட்டை ஒன்றில் அடிபட்டு இடப்பக்க லிங்க் வளைந்தும் போனது.

அதாவது எனக்குத் தேவைப்பட்டது ஒரு சோடி நீளமான லிங்க்கும் நாலு புஷ்ஷும். இதை இப்போது எழுதும்போது வயிறு எரிகிறது.

கராஜ்காரர் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். “அண்ணை, உந்தக் கம்பி இனிச் சரிவராது. உயர்த்தின வண்டிக்கு உது நூல் மாதிரி. ஒஸ்ரேலியாச் சாமான் ஒண்டு வந்து கிடக்கு, 25 மில்லி. அடியில ஒரு கார்ட்டும் அடிச்சு விடுறன். யானை மிதிச்சாலும் அசையாது” என்றார். கம்பி 68,000, கம்பியை அடிபடாமல் காக்கிற கார்ட் 14,000, பூட்டுகூலி இல்லை. பூட்டுகூலி இல்லை என்றதில்தான் நான் விழுந்தேன்.

கறுப்புப் பெயின்ற் அடித்த தடித்த கம்பி ஒன்றைத் தூரத்தில் சுவரோடு சாத்தி வைத்துக் காட்டினார். பார்க்க வாட்டசாட்டமாகத்தான் இருந்தது. நான் அதைக் கையில் தூக்கிப் பார்க்கவில்லை. “நீங்கள் போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாங்கோ” என்றார், போனேன். திரும்பி வரும்போது எல்லாம் பூட்டி முடிந்திருந்தது. பில் கேட்டதற்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ‘பார் 1, கார்ட் 1, 82,000’ என்று எழுதித் தந்தார். கடைப் பெயரோ திகதியோ கையெழுத்தோ இல்லை.

முதல் இரண்டு கிழமையும் வண்டி ராசாதான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு மாங்குளம் வரை வந்தேன். வளைவுகளில் முன்பிருந்த ஆட்டம் பாதிகூட இல்லை. நண்பர்கள் இரண்டு பேருக்கு அந்தக் கராஜைக் கைகாட்டியும் விட்டேன். அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.

மூன்றாம் மாதம் வண்டி முற்றத்தில் நிற்கும்போதே இடப்பக்கம் பணிந்து நின்றது. சில்லு நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, ஸ்பிரிங் விற்றவருக்குப் போன் போட்டு ஏசினேன். பாவம், அந்த மனிதரில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் வண்டியும் இப்படிச் சாய்ந்தால் முதலில் சமதரையில் நிறுத்தி ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். சாய்வு போய்விட்டால் குற்றம் கம்பியில். நல்ல கம்பி முறுகினாலும் பழைய நிலைக்குத் திரும்பி வரும். முறுகி அப்படியே நின்றுவிட்ட கம்பி, வண்டி சும்மா நிற்கும்போதும் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டிருக்கும்.

மார்கழியில் மைத்துனரின் வயலுக்கு முருங்கன் போனேன், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே. அந்தப் பக்கத்துக் கறுப்புக் களியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஏற்றிய களி அது. ஈரத்தில் பசை, காய்ந்தால் செங்கல். கராஜ்காரர் அடித்துவிட்ட கார்ட் நாலு பக்கமும் மூடிய ஒரு தொட்டி. கோண இரும்பும் தகடும் வைத்து அக்சிலோடேயே வெல்டிங் பண்ணியிருந்தார். தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை. உள்ளே போன களி வெளியே வர வழியில்லாமல் கம்பியைச் சுற்றிக் காய்ந்து இறுகிவிட்டது. வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவினேன், மேலால். கார்ட்டுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

தையில், முத்தையன்கட்டுக்குப் பின்னால் ஒரு காய்ந்த வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது பின்னாலிருந்து துவக்குச் சத்தம்போல் ஒன்று கேட்டது. இறங்கிப் பார்த்தேன். கம்பியின் நுனியில் வெல்டிங் பண்ணியிருந்த கண் உடைந்து, லிங்க்கோடு சேர்ந்து தொங்கியது. சரி, மெல்ல ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அப்படியே கிளம்பியது என்னுடைய மடைத்தனம். தொங்கிய துண்டு ஆடி ஆடிப் பின் அக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸை அறுத்துவிட்டது. ஒரு கிலோமீற்றர்கூடப் போகவில்லை, பெடல் கீழே இறங்கியது. முன் சில்லுகளுக்குத் தனி வழி என்பதால் பாதிப் பிரேக் மிஞ்சியது. லோ கியரில் போட்டு, கைப் பிரேக்கையும் பிடித்து நிறுத்தினேன். குளக்கட்டில் ஏறியிருந்தேன் என்றால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

கிளிநொச்சியில் லேத் வைத்திருக்கும் ஒரு ஐயாவிடம்தான் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் முதலில் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, பழைய கம்பி வீட்டில கிடக்கோ? அதையும் கொண்டு வாரும்” என்றார். நல்லகாலம், பழையதைக் கராஜில் விடாமல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். பக்கத்தில் நெல் வாங்குகிற கடையின் தராசில் இரண்டையும் வைத்தோம். பழைய 19 மில்லிக் கம்பி மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 68,000 ரூபாச் சாமான் 2.6 கிலோ. தடித்தது மெல்லியதைவிடப் பாரம் குறைவு! அந்த நீளத்தில் 25 மில்லி முழு இரும்பு என்றால் ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டும்.

வெட்டிப் பார்த்தார், உள்ளே வெறும் ஓட்டை. மூன்று மில்லித் தடிப்புள்ள குழாய். அரத்தை வைத்து இழுத்தார், வெண்ணெய்யில்போல இறங்கியது. பழைய கம்பியில் அதே அரம் வழுக்கி வழுக்கித்தான் பிடித்தது. உடைந்த முகத்தைக் காட்டினார். பாதி கறள் பிடித்துக் கறுத்திருந்தது, பாதி புதுசாக மினுங்கியது. கறுத்த பாதி முன்னமே வெடித்துவிட்டது, மினுங்கிய பாதிதான் அன்றைக்கு வாய்க்காலில் போனது என்றார்.

குழாய் என்பதற்காக மட்டும் கோபப்படாதீர்கள் என்றும் அவரே சொன்னார். புதுக் கார்களில் கொம்பனியே உள்ளே ஓட்டையுள்ள பார்களைப் பூட்டி அனுப்புகிறது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 25ஐ 19ஆல் வகுத்து, வந்ததை நாலு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் மூன்று வரும். ஆகவே 25 மில்லி முழுக் கம்பி என் பழையதைவிட மூன்று மடங்கு விறைப்பு. நடுவில் 19 மில்லி ஓட்டை போனாலும் இரண்டு மடங்கு மிஞ்சும். அதனால்தான் முதல் இரண்டு கிழமையும் வண்டி ராசா மாதிரி ஓடியது. இரும்பு மெதுவாக இருந்தாலும் கடினமாக இருந்தாலும் முறுகத் தொடங்கும்போது காட்டும் விறைப்பு ஒன்றுதான். வித்தியாசம் எதுவரை முறுகித் திரும்பி வரும் என்பதில். சூடேற்றிப் பதம் போட்ட ஸ்பிரிங் உருக்கு தாங்குகிற முறுக்கில் கால்பங்கு வருமுன்னே தண்ணீர்க் குழாய் இரும்பு வளைந்து நின்றுவிடும். அதன் நுனியில் தகட்டை ஒட்டினால் ஒட்டின இடத்தின் ஓரமே முதலில் வெடிக்கும். அதைக் களித் தொட்டிக்குள் வேறு இறுக்கிப் பிடித்தால் கேட்கவே வேண்டாம். கார்ட் இல்லாமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும் என்றார். 14,000 ரூபா கொடுத்து உடைவைச் சீக்கிரம் வரவழைத்திருக்கிறேன்.

புஷ்ஷும் அப்படித்தான். றப்பர் புஷ்ஷில் சசிக்கு அடிக்கிற சாதாரணக் கிரீஸை அள்ளி அப்பியிருந்தார்கள். எண்ணெய்க் கிரீஸ் பட்ட றப்பர் ஊதிப் பஞ்சாகிவிடும். போடுவதென்றால் சிலிக்கன் கிரீஸ் போட வேண்டும்.

உடைந்ததைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். “நீங்கள் காட்டுக்குள்ள ஓடினா நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டார். காட்டுக்குள் ஓடத்தானே ஐயா உயர்த்திய வண்டி. “கொண்டு வாங்கோ, சும்மா ஒட்டித் தாறன்” என்றார். நான் பணத்தைக் கேட்டேன். பில்லைக் கேட்டார். கலண்டர் தாளைக் காட்டினேன், அது தன் எழுத்தில்லை என்றார். அவ்வளவுதான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு அடித்துக் கேட்டேன். முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. ஸ்பிரிங் விற்றவரை ஏசிக்கொண்டிருந்த நாட்களில் இதைச் செய்திருக்கலாம்.

இப்போது வண்டியில் இருப்பது அந்தப் பழைய 19 மில்லிக் கம்பிதான். அதற்கு லிஃப்ட் அளவுக்கே, 50 மில்லி நீட்டிய லிங்க் ஒரு சோடியை ஐயா முழு இரும்பில் கடைந்து தந்தார். புது றப்பர் புஷ், புது பிரேக் ஹோஸ். புஷ் நட்டுகளைச் சில்லு தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்கினார். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுகிய நிலையிலேயே பிடிபட்டுக் கிழியும். பிறகு ஒரு பின் சில்லைக் கல் அடுக்கிய மேட்டில் ஏற்றி, மற்றதைத் தொங்கவிட்டு, கம்பியும் லிங்க்கும் ஹோஸிலோ சொக்கிலோ முட்டுகிறதா என்று கீழே படுத்துப் பார்த்தோம். கம்பி பூட்டித் தருகிற கராஜில் இதைச் செய்து காட்டாமல் சாவியை வாங்காதீர்கள். காப்புக்கு, கட்டை வந்து முட்டுகிற பக்கத்தில் மட்டும் ஒரு சாய்ந்த தகடு. மற்றப் பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. போல்டில் பிடித்திருப்பதால் கழற்றிக் கழுவலாம். எல்லாமாகப் பழைய செலவின் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

வளைவில் கொஞ்சம் சாயத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் உண்மையான தடித்த பார் கிடைக்கலாம். ஆனால் பின்னால் விறைப்பைக் கூட்டினால் பள்ளம் மேட்டில் சில்லு தரையை விட்டு எழும்பும், மழைத் தார் றோட்டில் பின்பக்கம் இழுக்கும். என் ஓட்டத்தில் பாதி குளக்கட்டும் வாய்க்காலும். எனக்கு வேண்டாம். ஏ9இலேயே ஓடுகிறவர், கூரையில் பாரம் ஏற்றுகிறவர் என்றால் உங்கள் கணக்கு வேறாக இருக்கும். அப்படி வாங்கினாலும் தராசு இருக்கிற கடைக்கு எடுத்துக்கொண்டு போய் நிறுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

185 வைத்திருப்பவர்களுக்கு லிங்க் அளவு வேண்டுமென்றால் கேளுங்கள், ஐயா கீறித் தந்த துண்டு என்னிடம் இருக்கிறது. எத்தனை அங்குலம் உயர்த்தினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் அளவு தந்து பிரயோசனமில்லை.