பைத்தனில் பிள்ளை, சி பிளஸ் பிளஸில் தாய்: ஸ்விக்கா, பைபைண்ட்11ஆ?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு இரணைமடுக் குளத்தின் வான் கதவைப் பற்றி யோசிக்காமல் ஒரு மாரியைக் கடத்த ஏலாது. நீர்மட்டம் 36 அடியை நெருங்கும்போது எந்தக் கதவை எப்போது திறப்பது என்று விளையாட்டாக ஒரு புரோகிராம் எழுதத் தொடங்கினேன். நீர்க் கணக்கு முழுவதும் சி பிளஸ் பிளஸில், 'குளம்' என்ற தாய்க் கிளாஸ் (தரவும் அதைக் கையாளும் மெதட்களும் சேர்ந்த ஓர் அச்சு). இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஒவ்வொன்றுக்கும் திறக்கும் விதியை மட்டும் பைத்தனில் சப்கிளாஸாக, அதாவது தாயிடம் இருப்பதைப் பெற்றுக்கொண்டு வேண்டியதை மட்டும் மாற்றும் பிள்ளையாக, எழுதினால், விதி மாறும்போதெல்லாம் கம்பைல் பண்ணத் தேவையில்லை.

இந்த இரண்டு மொழிகளையும் இணைக்கும் கருவிகளான ஸ்விக், பைபைண்ட்11 இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஸ்விக் 1990களில் வந்த பழைய கை. கிளாஸின் வடிவத்தைச் சொல்லும் ஹெடர் கோப்பைக் காட்டினால் மிச்சத்தை அதுவே எழுதும். ஆனால் சி பிளஸ் பிளஸின் அழைப்பைப் பைத்தனுக்குத் திருப்பிவிடும் 'டைரக்டர்' வசதியை நாம்தான் திறந்துவிட வேண்டும். மறந்தால், பைத்தனில் மாற்றி எழுதிய மெதட்டைச் சி பிளஸ் பிளஸ் ஏறெடுத்தும் பார்க்காது, எரரும் வராது. பைபைண்ட்11இல் அந்தச் சுமை நம் தலையில்: 'டிராம்போலின்' என்று ஓர் இடைக் கிளாஸ், ஒவ்வொரு வேர்ச்சுவல் மெதட்டுக்கும் (பிள்ளை மாற்றி எழுதக்கூடிய மெதட்) ஒரு மேக்ரோ, அதாவது தயாராக உள்ள ஒரு குறுக்குவரி. முப்பது மெதட் இருந்திருந்தால் ஸ்விக் பக்கமே சாய்ந்திருப்பேன்.

என்னைத் திருப்பியது கொன்ஸ்ட்ரக்டர், அதாவது ஒப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் மெதட். பைத்தனில் அதன் பெயர் இனிட். சப்கிளாஸில் இனிட் எழுதிவிட்டுத் தாயின் இனிட்டைக் கூப்பிட மறந்துபோனேன். ஸ்விக் ஒன்றும் சொல்லாமல் ஒப்ஜெக்டை உருவாக்க விட்டது. பிறகு முதல் மெதட்டைக் கூப்பிட்டபோது 'முதலாவது ஆர்கியூமென்ட் வகை பிழை' என்றது. நான் ஆர்கியூமென்ட் ஒன்றுமே கொடுக்கவில்லையே! அது செல்ஃபைத்தான், அதாவது அந்த ஒப்ஜெக்டையேதான், சொல்கிறது என்று விளங்க ஒரு பின்னேரம் போனது. பைபைண்ட்11 உருவாக்கும் இடத்திலேயே மறித்து, எந்தத் தாயின் இனிட்டைக் கூப்பிடவில்லை என்று பெயரோடு சொல்கிறது. தாயைத் தானே தேடிக் கூப்பிடும் பைத்தனின் சூப்பரைப் போடாமல் தாயின் பெயரைச் சொல்லியே கூப்பிடும்படி அதன் ஆவணம் கேட்கிறது. சி பிளஸ் பிளஸ் தாய்கள் இருவர் என்றால் சூப்பர் ஒருவரை விட்டுவிடும்.

ஓரிடத்தில் இரண்டுமே கைகொடுக்காது. 'குளம்' கொன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே தொடக்க மட்டத்தை ஒரு வேர்ச்சுவல் மெதட்டிடம் கேட்டிருந்தேன். தாய் கட்டிமுடியும் வரைக்கும் சி பிளஸ் பிளஸுக்குப் பிள்ளை என்று ஒன்று கிடையாது. ஆகவே பைத்தன் சொன்ன மட்டம் கணக்கில் ஏறவே இல்லை. இப்போது 'தொடங்கு' என்று தனி மெதட் வைத்து, ஒப்ஜெக்ட் உருவான பிறகு கூப்பிடுகிறேன்.

எனக்கு மெதட் மூன்றுதான், பைபைண்ட்11 போதும். முத்தையன்கட்டின் விதி இன்னும் எழுதக் கிடக்கிறது.