மூட்டைப்பூச்சிக்கு மருந்தா, வெப்பமா?

மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகளும் உரிந்த தோல்களும் தெரிந்தால் மூட்டைப்பூச்சிதான். தடிப்பை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். கொசுக்கடியும் அப்படித்தான் இருக்கும்.

மருந்து அடிப்பது சுலபம். ஆனால் வீட்டுப் பூச்சி ஸ்ப்ரேக்களில் பரவலாக இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு நிறையப் பூச்சிகள் இப்போது சாவதில்லை. முட்டைகளும் பெரும்பாலும் தப்பிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் பொரித்து வரும். அதனால் மறுபடி அடித்தே ஆக வேண்டும். மெத்தைக்கு ஏற்றது என்று லேபிளில் போடாத மருந்தைப் படுக்கையில் அடிக்கவே கூடாது.

வெப்பத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு உள்வரை இறங்கினால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே சாகும். துணிகளை டிரையரில் அதிகச் சூட்டில் அரைமணி நேரம் ஓட்டலாம். கட்டில் இடுக்குகளுக்கு நீராவி, அதுவும் மெதுவாக நகர்த்தினால்தான் உள்ளே இறங்கும். (மெத்தையை வெயிலில் போட்டால்? பூச்சி நிழல்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.) குறை என்னவென்றால், சூடு ஆறியதும் காவலும் போய்விடும். சில மருந்துகளோ வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யும்.

என் ஓட்டு முதலில் வெப்பத்துக்கே. சுவர் விரிசலுக்கு மட்டும் மருந்து. அப்புறம், பயணம் முடிந்து வந்தால் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள்.