சமக்குறிக்கு என்ன பொருள்? சசூர், பர்ஸ், வைகாட்ஸ்கி: வகுப்பறைக்கு யார் உதவுவார்?

மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பிள்ளையிடம் 8 + 4 = __ + 5 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோடிட்ட இடத்தில் 12 வந்து உட்காரும். சிலர் மிச்சமிருக்கும் 5-ஐயும் விட்டுவைக்காமல் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. அமெரிக்காவில் தாமஸ் கார்ப்பென்டரும் அவருடைய சகாக்களும் 1990-களில் தொடக்கப் பள்ளிகளில் கேட்டுப் பார்த்த கணக்கு இது. கணிதக் கல்வி படித்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அந்தப் பிள்ளைக்குக் கூட்டத் தெரியும். தகராறு ‘=’ என்ற குறியில்தான். அதனால்தான் கல்வியைக் குறியியலின் வழியாகப் பார்க்கும் தத்துவத்தை அலச இந்தக் கணக்கு தோதானது. கற்பது என்பது தகவலை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற்றுவது இல்லை, குறிகளைப் படித்துப் பொருள் கொள்வது என்பதே இந்தத் தத்துவத்தின் அடிப்படை. இன்னா செமெட்ஸ்கி, ஆண்ட்ரூ ஸ்டேபிள்ஸ் போன்றவர்கள் ‘எடுசெமியாட்டிக்ஸ்’ என்ற பெயரில் இதைத் தனித் துறையாகவே வளர்த்தார்கள். ஆனால் குறி என்றால் என்ன என்பதிலேயே முன்னோடிகளுக்குள் ஒத்துப்போகவில்லை.

முதலில் சசூர், சுவிட்சர்லாந்து மொழியியலாளர். எண்பதுகளில் சிறுபத்திரிகைகளில் அமைப்பியல் (ஸ்ட்ரக்சுரலிசம்) படித்தவர்களுக்குப் பழகிய பெயர். அவர் இறந்தது 1913-இல். ஜெனீவாவில் அவர் நடத்திய வகுப்புகளின் குறிப்புகளைத் தொகுத்து 1916-இல் நூலாக்கினார்கள். குறிக்கு இரண்டு பக்கம்: குறிப்பான் (ஒலி வடிவம்), குறிப்பீடு (அது குறிக்கும் கருத்து). இரண்டுக்கும் இயல்பான உறவு கிடையாது, எல்லாம் வழக்கு. (‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்ற தொல்காப்பிய வரி நினைவுக்கு வருகிறதா? இரண்டும் ஒன்றே என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ‘விழிப்பத் தோன்றா’ என்றால் காரணம் சட்டென்று புலப்படாது என்றுதான் பொருள். காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை.) சசூரின் கணக்கில் ஒரு குறியின் மதிப்பு, அதே அமைப்பிலுள்ள மற்றக் குறிகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதில் இருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் 12 எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாக் கணக்கிலும் ‘=’ கடைசியில் நிற்கும், அதற்குப் பின் ஒரு வெற்றிடம் இருக்கும். ஆகவே அவளுடைய அமைப்பில் அது +, − ஆகியவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டது: ‘இப்போது விடையை எழுது’ என்னும் கட்டளை. அதை <, > குறிகளின் பக்கத்தில் வைத்து அறிமுகம் செய்து, 7 = 3 + 4 என்றும் அவ்வப்போது எழுதியிருந்தால் அதன் மதிப்பே வேறாகியிருக்கும். செலவில்லாத, உருப்படியான யோசனை. ஆனால் சசூரிடம் பிள்ளைக்கு இடமில்லை. மொழி சமூகத்தின் சொத்து, தனி ஆள் அதை மாற்ற முடியாது. 12 தப்பு, அவ்வளவுதான்.

பர்ஸ் அங்கே நிறுத்துவதில்லை. சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ், அமெரிக்கத் தத்துவவாதி, 1839-இல் பிறந்தவர். அவருக்குக் குறி என்பது மூன்று பேர் கூட்டு: குறி, அது எதைச் சுட்டுகிறதோ அது, அந்தக் குறி மனத்தில் எழுப்பும் இன்னொரு குறி. அந்த மூன்றாவது மறுபடியும் குறியாகி அடுத்ததை எழுப்பும். அவர் பார்வையில் 12 என்பது ஒரு பொருள்கோள். பார்த்த கணக்குகளையெல்லாம் வைத்துப் பிள்ளை செய்த நியாயமான ஊகம். கால்குலேட்டரில் ‘=’ பொத்தானை அழுத்தினால் விடைதானே வருகிறது!

இன்னொன்று. குறிகள் எல்லாமே வெறும் வழக்கு என்பதையும் பர்ஸ் ஏற்கவில்லை. ஒப்புமையால் சுட்டுவன உண்டு (வரைபடம்), தொடர்பால் சுட்டுவன உண்டு (புகை), வழக்கால் சுட்டுவனவும் உண்டு. ‘=’ குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இதை அறிமுகப்படுத்தியபோது ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். அதாவது குறியே தன் பொருளைப் படமாகக் காட்டுகிறது. இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எனக்கு யாரும் வாய்க்கவில்லை.

பர்ஸ் வழியில் போகும் ஆசிரியர் விதியைச் சொல்லமாட்டார், ஊகத்தை இடறிவிடுவார். 3 + 5 = 8 சரியா? சரி. 8 = 3 + 5? சிலர் திருப்பிப் போட்டிருக்கிறது என்பார்கள். 8 = 8? ‘கணக்கே இல்லையே!’ என்று ஆட்சேபம் வரும். அந்தத் திகைப்பிலிருந்துதான் அடுத்த ஊகம் பிறக்கிறது. பர்ஸ் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தர்க்கம் கற்பித்தபோது அங்கே மாணவராக இருந்தவர், பின்னாளில் கல்வித் தத்துவத்தில் பெயர்பெற்ற ஜான் டூயி. அப்போது பர்ஸ் அவரை அவ்வளவாக ஈர்க்கவில்லை. 1938-இல் டூயி தர்க்கம் பற்றி எழுதிய நூலில் பர்ஸுக்குத் தான் பட்ட கடனை ஒப்புக்கொண்டார்.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) கேட்பது வேறு கேள்வி: குறி எப்படி உள்ளே போகிறது? கைக்குழந்தை எட்டாத பொருளை நோக்கிக் கை நீட்டுகிறது. அம்மா வந்து எடுத்துக் கொடுக்கிறாள். பிடிக்க நீண்ட கை அவளால்தான் சுட்டும் கையாகிறது; குழந்தைக்கு அது பிறகுதான் புரிகிறது. முதலில் ஆட்களுக்கு இடையே, அப்புறம் மனத்துக்குள். ஆகவே 8 = 8 பற்றிப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போடட்டும், இன்று பக்கத்து பெஞ்சிலிருந்து வரும் எதிர்வாதம் நாளை அவளுக்குள்ளேயே கேட்கும். ஆனால் போய்ச்சேர வேண்டிய இடம் இங்கே முன்கூட்டியே முடிவானது: பெரியவர்களின் பொருள்.

என்னைக் கேட்டால் தத்துவமாக பர்ஸ்தான் கனமானவர், பிள்ளையின் பிழையைச் சிந்தனையாக மதிக்கக் காரணம் தருவதால். ஆனால் அவர் பெயரைச் சொல்லி ‘எல்லாமே குறி’ என்று விரிந்துகொண்டே போகும் இன்றைய எழுத்துகளில் பாதி எனக்கு ஒட்டவில்லை. செமெட்ஸ்கி குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகள் வரை போய்விட்டார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளைக் காலை பாடம் எடுப்பவருக்கு வைகாட்ஸ்கி போதும். பாடநூல் எழுதுபவர் சசூரைப் படித்துவிட்டு ‘=’ குறியின் இடப்பக்கத்திலும் வெற்றிடம் விட்டால் அதுவே பெரிய உபகாரம். பர்ஸிடம் நேராகப் போக நினைப்பவர்கள் 1868-இல் அவர் எழுதிய கட்டுரைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். குறிகள் இல்லாமல் சிந்திக்கும் ஆற்றல் நமக்குக் கிடையாது என்று அவர் வாதிடுவது அங்கேதான். நடை கரடுமுரடாக இருக்கும், அவசரப்படாமல் படியுங்கள்.