ஒக்கியில் விழுந்த பிலாவும் ஆறு வருடக் கிட்டாரும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் குடும்ப வீட்டில் ரப்பர் மரங்களோடு சேர்ந்து பாட்டா நட்ட பிலாவும் சாய்ந்தது. விறகுக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. மில்லில் இரண்டு அங்குலப் பலகையாக அறுத்து, நடுவில் கட்டை வைத்து மச்சில் அடுக்கிவிட்டாள். கதவு பண்ணலாம் என்பது அவள் கணக்கு. 2020 ஊரடங்கில் அதில் ஒரு பலகையை நான் இறக்கி எலெக்ட்ரிக் கிட்டார் ஆக்கினேன். கதவு இன்னும் வரவில்லை.

இப்போது ஆறாவது வருடம். நான் இருப்பது குளச்சலில், கடலில் இருந்து நடக்கிற தூரம். ஞாயிறு பூசைக்குக் கொயரில் வாசிப்பேன், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ், இடையில் நண்பர்கள் வீட்டுக் கல்யாண ரிசப்ஷன். தொழில்முறைக் கலைஞன் இல்லை. ஆனால் வாரம் தவறாமல் இந்தக் கிட்டார் வெளியே போய் வருகிறது. ஆகவே செய்த கதையைவிட, செய்தபின் என்னென்ன கெட்டது, எதைச் சரிசெய்தேன் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

தைரியம் கொடுத்தது குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. 1963-ல் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கிட்டார் செய்ய ஆரம்பித்தவர். விரல் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டில் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பிறகு பெரிய மேடைகளிலும் அதையேதான் வாசித்தார். சரி, அவருக்கு அடுப்பு மரம் என்றால் எனக்குப் பிலா என்று இறங்கிவிட்டேன்.

பலகையைப் பார்த்த ஆசாரி மாமா தட்டிப் பார்த்துச் சொன்னார்: "மக்கா, இது வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உள்ள தடியாக்கும். கம்பி போட்டா கொள்ளாம்." உள்ளதுதான், அந்த இரண்டுக்கும் பிலாதான். அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. பாடியை வெட்டி, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு மட்டும் மூன்று வாரம் செலவழித்தேன். புதிதில் மஞ்சளாக இருந்தது, இப்போது தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு. பார்க்க அவ்வளவு அழகு.

ஆனால் சத்தத்துக்கும் அந்த அழகுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வீணையில் கம்பியோடு மரமும் அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. அங்கே மரம்தான் குரல். எலெக்ட்ரிக் கிட்டாரில் இரும்புக் கம்பி காந்தத்துக்கு மேலே ஆடுகிறது, கீழே உள்ள காயிலில் மின்சாரம் பிறக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் நான்கு அங்குலச் சதுரக் கட்டையில் கம்பி கட்டி வாசித்துக் காட்டினார். பார்க்கிறவர்களுக்காகத்தான் பக்கவாட்டில் கிட்டார் வடிவம் ஒட்டினார். எனக்குப் பிலா தந்தது எடை: மொத்தம் 4.3 கிலோ. ஈஸ்டர் பாஸ்கா இரவில் மூன்று மணி நேரம் நின்று வாசித்த அன்று தோள் சொன்ன விமர்சனம்தான் இந்த மரத்தைப் பற்றிய நேர்மையான விமர்சனம். அடுத்த வாரமே பின்பக்கம் வயிறு படும் இடத்தைச் சீவி எடுத்தேன், அகலமான தோல்பட்டை வாங்கினேன். பரவாயில்லை.

உண்மையான சிக்கல் நெக்கில், அதாவது விரல் ஓடும் கழுத்துப் பகுதியில்தான் வந்தது. முதல் நெக்கை நானே தேக்கில் செய்தேன். நெக்கின் குறுக்கே பதிக்கிற உலோகக் கோடுகளான ஃப்ரெட்களின் இடைவெளிக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தூரம். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. அப்படியே போய்ப் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில் விழ வேண்டும். நான் எடுத்தது 648 மில்லிமீட்டர், ஃபெண்டர் கிட்டார்களின் அளவு. முதல் ஃப்ரெட் 36.37, பன்னிரண்டாவது 324. கணக்கில் பிழை இல்லை. அளந்ததில்தான் பிழை. ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தைய ஃப்ரெட்டில் இருந்து அளந்தேன். ஒவ்வொன்றிலும் முடி அளவு தவறு. பன்னிரண்டாவதில் அது ஒன்றரை மில்லிமீட்டராகச் சேர்ந்துவிட்டது. மேலே போகப் போக ஸ்வரம் கசந்தது. எல்லா ஃப்ரெட்டையும் நெக்கின் தலைமாட்டில் கம்பி தங்கும் நட்டில் இருந்தே, ஸ்கேலை நகர்த்தாமல், அளக்க வேண்டும். யாராவது செய்யப் போனால் இந்த ஒரு வரியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நெக்குக்குள் இருந்து வளைவைத் திருகி நிமிர்த்த உதவும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைப் போடாமல், ஒரு இரும்புப் பட்டையைப் புதைத்தால் போதும் என்று நினைத்தேன். 10-46 தடிப்புச் செட் கம்பிகளை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 46 கிலோ. ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை இரவும் பகலும் நெக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வரை தாங்கியது. ஜூனில் இடவப்பாதி மழை பிடித்ததும் நெக் வில்லாக வளைந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டு மில்லிமீட்டர் இருந்த கம்பி உயரம் நான்கைத் தாண்டியது. விரலில் காய்ப்பு வந்ததுதான் மிச்சம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் மற்றொன்று. போதாததற்குக் குளச்சலின் ஈரத்தில் இருந்து ஆரல்வாய்மொழிக்குக் கல்யாணத்துக்குப் போனால் அங்கே காற்றாலை சுற்றும் வறண்ட காற்று, மண்டபத்துக்குள் ஏசி. மரம் ஒரே நாளில் ஊதவும் சுருங்கவும் செய்கிறது. டிரஸ் ராட் இல்லாத நெக்குக்கு இது ஊர் இல்லை. கடைசியில் டிரஸ் ராட் போட்ட ரெடிமேட் மேப்பிள் நெக் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதன் அடிப்பாகம் 56 மில்லிமீட்டர் அகலம். நான் பழைய நெக்குக்குத் தோண்டிய குழியோ 58. இரண்டு பக்கமும் வெனீர் சீவல் வைத்து ஒட்டினேன். அந்தக் கோடு இன்னும் தெரிகிறது, தெரியட்டும். வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் ஜனவரியிலும், ஆலன் சாவியால் கால் சுற்று திருகுகிறேன். ஐந்தரை வருடமாக நெக் பற்றிய கவலை இல்லை.

பாட்டாவின் உடைந்த கட்டிலில் இருந்து ஈட்டிப் பலகை ஒன்று எடுத்துப் பழைய நெக்குக்கு ஃப்ரெட்போர்டாக ஒட்டியிருந்தேன். வீணாகப் போகக்கூடாதே என்று அதை அறுத்துப் பின்பக்க வயரிங் மூடியாக்கிவிட்டேன். அம்மா கிட்டாரைத் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்படுவது அந்த மூடியை மட்டும்தான்.

அடுத்த எதிரி உப்புக்காற்று. சாதாரண நிக்கல் கம்பி எனக்கு மூன்று வாரத்தில் கறுத்து, தடவினால் சொரசொரக்கும். எலிக்ஸிர் போன்ற கோட்டிங் போட்ட கம்பிக்கு மாறினேன். விலை இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் மூன்று, நான்கு மாதம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் லாபம். கம்பியின் கீழ்முனை தங்கும் பிரிட்ஜில் கம்பி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொடி ஸ்க்ரூக்கள் இரண்டாம் வருடமே துருவேறி இறுகிவிட்டன. துறைமுகம் பக்கம் போட்டுக்குச் சாமான் விற்கும் கடையில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ கிடைத்தது. கடலைத் தாங்குகிற இரும்பு எது என்று மீன்பிடிக்கிறவர்களைவிட யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு துரு இல்லை. கம்பிகளை ஆட்டிச் சுருதியை அசைக்கும் டிரெமோலோ போடாமல் அசையாத பிரிட்ஜ் போட்டது நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. ஸ்பிரிங்கும் அச்சும் இருந்திருந்தால் அவையும் துருப்பிடித்திருக்கும்.

நட் எலும்பில் செய்தேன். இறைச்சிக் கடையில் கேட்டு வாங்கிய மாட்டெலும்பு. வேகவைத்து, கொழுப்பு நீக்கி, வெயிலில் உலர்த்தி, அரத்தால் தேய்த்தது. வீட்டில் இரண்டு நாள் யாரும் பேசவில்லை. ஆனால் பிளாஸ்டிக் நட்டைவிட நன்றாக நிற்கிறது. கம்பியைத் திருகும்போது 'டிக்' என்று சிக்கினால் பள்ளத்தில் பென்சில் முனையால் தேய்த்தால் போதும்.

பிக்கப்பை, அதாவது கம்பிக்குக் கீழே இருக்கும் அந்தக் காந்தமும் காயிலும் சேர்ந்ததை, சொந்தமாகச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு வேண்டியது 42 கேஜ் வயர், 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டதற்குச் சிரித்தார்கள். எங்கிருந்தோ வரவழைத்துத் தையல் மெஷினில் சுற்றினேன். எட்டாயிரம் சுற்று வேண்டிய இடத்தில் மூவாயிரத்தில் அறுந்தது. போதும் என்று விட்டுவிட்டு, பிரிட்ஜ் பக்கம் இரட்டைக் காயில் ஹம்பக்கரும் நெக் பக்கம் சிங்கிள் காயிலும் வாங்கிப் போட்டேன். வந்த ஹம்பக்கர் ஆம்பைக் கொஞ்சம் ஏற்றினாலே கீச்சிட்டது. காயிலுக்குள் வயர் ஆடுவதால் வருகிற கீச்சு அது. மெழுகில் முக்கினால் நிற்கும். மெழுகுவர்த்தி மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகுக்கு மார்த்தாண்டத்தைவிட்டு எங்கே போக? நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 65 டிகிரியில் உருக்க வேண்டும். சூடு ஏறினால் பாபின் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். இருபது நிமிடம் முக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்தேன். கீச்சு போயே போச்சு.

சிங்கிள் காயிலின் 'ம்ம்ம்' இரைச்சல் வேறு கதை. வயரிங் குழிக்குள் முதலில் சமையல் அலுமினியத் தாளை ஒட்டினேன். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது; எர்த் வயரைச் சால்டர் செய்ய முடியவில்லை. பிரித்தெடுத்துச் செம்பு டேப் ஒட்டியதும் பாதி இரைச்சல் அடங்கியது. மீதி அந்த பிக்கப்பின் பிறவிக் குணம். கோயிலில் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்தில் நின்றால் கூடும், கொஞ்சம் திரும்பி நின்றால் குறையும். நான் பீடத்துக்குச் சாய்ந்து நிற்பதைப் பக்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு.

இதில் விளையாட்டில்லாத பகுதி ஒன்று இருக்கிறது. மூன்றாம் வருடம் ஒரு பயிற்சியின்போது, கிட்டார் கையில் இருக்க, பாட மைக்கில் உதடு வைத்தேன். சுரீர் என்று அடித்தது. கிட்டார் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. மைக் மிக்ஸரின் எர்த்தோடு. என் ஆம்ப் செருகியிருந்த பிளக்பாயிண்டில் எர்த் வயரே இல்லை. அப்படி இருந்தால் ஆம்பின் உலோகப் பகுதியில் கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கும். நாம் நடுவில் பாலமாகிறோம். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்த பிறகுதான் மறுபடி வாசித்தேன். இன்றுவரை எந்த மேடைக்குப் போனாலும் மிக்ஸர் எடுக்கிற அதே போர்டில்தான் என் ஆம்புக்கும் லைன் எடுப்பேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுகிற வழக்கத்தைக் கண்டால் சண்டைக்கே போய்விடுவேன். கிட்டார் வாங்க வைத்திருக்கிற காசில் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆம்ப் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. வீட்டில் பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 வைத்திருக்கிறேன். அதை அரை வாட்டுக்கு இறக்கலாம் என்பதற்காகவே வாங்கினேன். ராத்திரி வாசித்தாலும் பக்கத்து வீட்டு அக்கா திட்டுவதில்லை. கோயிலுக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றே போதும். கிட்டாரை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் செருகாதீர்கள். பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவு இன்புட் மின்தடை வேண்டும், லைனில் அதில் சிறு பங்குகூட இராது. சத்தம் கம்பளி போர்த்தியது மாதிரி வரும். பெட்டியில் ஸ்பீக்கர் கேபினெட் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கரின் சத்தம் மாதிரி ஆக்குவது) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாமல் டிஸ்டார்ஷன் போட்டால் தேன்கூட்டில் கல்லெறிந்தது மாதிரி இருக்கும்.

செலவு? வீணான முதல் நெக், அறுந்த வயர், இரண்டுதரம் மாற்றிய சுருதிச் சாவிகள் எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதாயிரம். மரம் இனாம். அந்தக் காசுக்கு நல்ல துவக்கநிலைக் கிட்டாரே வாங்கியிருக்கலாம், அது முதல் நாளே சுருதியும் நின்றிருக்கும். மிச்சம் பிடிப்பதற்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம். ஆனால் கடையில் வாங்கிய கிட்டார் பூசைக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஊமையானால் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பேன். போன வருடத் திருவிழாவில் இது ஊமையானபோது நான்கு ஸ்க்ரூ கழற்றி, ஈட்டி மூடியைத் திறந்து, ஜாக்கில் விட்டுப்போன வயரைப் பேட்டரி சால்டரால் ஒட்டி, வருகைப் பாடலுக்கு நின்றுவிட்டேன்.

இப்போது இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்களில் பள்ளம் விழுந்திருக்கிறது. டி கார்டு பிடிக்கும் இடம். கோயில் பாட்டில் பாதி அதில்தான். நிக்கல் சில்வர் என்று பெயர்தான், அதில் வெள்ளி கிடையாது, மென்மையான உலோகம். இந்த முறை ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் வயர் ஆர்டர் போட்டிருக்கிறேன். அரம் நிறையத் தேயும் என்று ஆசாரி மாமா இப்போதே புலம்புகிறார். டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடித்தாக வேண்டும், கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டால் கொயர் மாஸ்டர் மூச்சுவிட விடமாட்டார்.